‘டேஞ்சர்’ என்னும் சொல்லின் பொருள்

வாசிக்க: 2 கொரிந்தியர் 11:23-28, அப்போஸ்தலர் 19:23-41, ரோமர் 8:35-39



வாரந்தோறும் ஒரு வசனத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். இந்த வாரம் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அது தமிழ்ச் சொல்லன்று. ஆயினும் பள்ளிக்கூட வாசலை மிதியாத முதியவருக்கும் அதன் பொருள் தெரியும். ‘டேஞ்சர்’ என்பதே அந்தச் சொல்.

தெருமுனையில் உள்ள மின்மாற்றியின் வேலியில், மண்டையோட்டுப் படத்தின் கீழே ‘அபாயம், 11,000 வோல்ட்’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. அருகிலேயே ஆங்கிலத்திலும் உண்டு. நம் பேச்சிலோ ஆங்கிலச் சொல்லே முந்திக்கொள்கிறது. ‘அந்த வளைவு டேஞ்சர்’ என்கிறோம். ‘அவன் டேஞ்சரான ஆள், கிட்டப் போகாதே’ என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தால், ‘டேஞ்சரைத் தாண்டிவிட்டாரா?’ என்பதே முதல் கேள்வி. இத்தனை எளிதாக நாவில் புரளும் ஒரு சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று சற்றுத் திறந்து பார்ப்பது நம் ஆத்துமாவுக்குப் பயனளிக்கும் என்று நம்புகிறேன்.

எஜமான் ஒளிந்திருக்கும் சொல்

இச்சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘ஆபத்து’ என்ற பொருள் முதலில் இல்லை. ஒரு பிரபுவின் அதிகாரம், அவனுடைய ஆளுகை, தன் கைக்குள் இருப்பவனைத் தண்டிக்கவும் விட்டுவிடவும் அவனுக்கு இருந்த வல்லமை என்பதே பழைய பொருள். அதற்கும் அடியில் இருப்பது ‘தோமினுஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் எஜமான், ஆண்டவன். இலத்தீன் திருமறையில் ‘கர்த்தர்’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் நிற்பதும் இதே சொல்தான். ஆளுகையைக் குறிக்கும் ‘டொமினியன்’, நம் அலுவலகங்களில் நாள்தோறும் ஒலிக்கும் ‘மேடம்’ ஆகியவையும் இந்த வேரில் முளைத்தவையே.

ஆகவே, ஒருவன் இன்னொருவனுடைய ‘டேஞ்சரில்’ இருக்கிறான் என்று பழைய ஆங்கிலேயர் சொன்னபோது, அவன் இன்னொருவனுடைய கைக்குள் அகப்பட்டிருக்கிறான் என்றே பொருள் கொண்டனர். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுடைய டேஞ்சரில் இருந்தான். குடியானவன் நிலப்பிரபுவின் டேஞ்சரில் இருந்தான். ஷேக்ஸ்பியர் எழுதிய ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் நீதிமன்றக் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு ராத்தல் மாமிசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் அந்தோனியோவிடம், நீர் ஷைலக்கின் பிடிக்குள் இருக்கிறீரா என்று போர்ஷியா கேட்கும் இடத்தில் இச்சொல் இந்தப் பழைய பொருளிலேயே வருகிறது.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திருமறையிலும் இதன் தடம் உண்டு. மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5:21, 22 ஆகிய இரு வசனங்களில் மட்டும் நான்கு முறை இச்சொல் வருகிறது. சகோதரனைக் கோபித்துக்கொள்ளுகிறவன் நியாயத்தீர்ப்பின் ‘டேஞ்சரில்’ இருக்கிறான் என்பது அந்த மொழிபெயர்ப்பு. இன்றைய ஆங்கிலம் பயின்றவர் இதை வாசித்தால், அவனுக்கு ஏதேனும் கேடு வரக்கூடும், வராமலும் போகலாம் என்று எண்ணிக்கொள்வார். மூலத்தின் பொருள் அதைவிடக் கடுமையானது. அவன் நீதிமன்றத்தின் கைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டான். நம் தமிழ்த் திருமறை அந்த நான்கு இடங்களிலும் ‘ஏதுவாயிருப்பான்’ என்று சொல்லி அந்தக் கடுமையைக் காத்திருக்கிறது.

இன்றும் ஆங்கிலத்தில் ஒருவர் டேஞ்சருக்கு ‘உள்ளே’ இருக்கிறார், அல்லது ‘வெளியே’ வந்துவிட்டார் என்றே சொல்லுகிறார்கள். ஒருவனுடைய எல்லைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் போன்ற பேச்சு அது. அந்தப் பழைய பிரபு போய்விட்டான். அவனுடைய வேலி மட்டும் மொழியில் நிற்கிறது.

‘பெரில்’ என்று இன்னொரு ஆங்கிலச் சொல் உண்டு. அதன் இலத்தீன் வேர் ‘முயன்று பார்த்தல், சோதித்தல்’ என்னும் பொருளுடையது. அனுபவத்தைக் குறிக்கும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ அதன் உறவுச் சொல். கர்த்தருடைய ஜெபத்தில் நாம் ‘சோதனை’ என்று சொல்லும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லும் அதே தொன்மையான வேரைச் சேர்ந்தது. ஒரு சொல் ‘யாருடைய கையில் இருக்கிறாய்?’ என்று கேட்கிறது. மற்றது ‘நீ எப்படிப்பட்டவன் என்று இப்போது தெரிந்துவிடும்’ என்கிறது. ஆபத்துக்காலம் இந்த இரண்டையும் செய்கிறது என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

நம் மொழியில்

நம்மிடமும் சொற்களுக்குக் குறைவில்லை. இடர், இன்னல், ஏதம் என்பவை பழந்தமிழ்ச் சொற்கள். ஆபத்து, அபாயம் என்பவை வடமொழியிலிருந்து வந்தவை. ‘ஆபத்து’ என்பதற்கு நம்மேல் வந்து விழுவது என்பது வேர்ப்பொருள். ‘அபாயம்’ என்பதற்கோ விலகிப் போவது, இழந்து போவது என்று பொருள். ஒன்று வருவதைச் சொல்லுகிறது. மற்றொன்று போவதைச் சொல்லுகிறது. ஒரே இரவில் நோய் வந்து பிள்ளை போய்விட்ட வீட்டில் இரண்டு சொற்களும் தேவைப்படுகின்றன.

‘அபாயம்’ என்ற சொல்லில் ஒரு துணைக்காலை எடுத்துவிட்டால் ‘அபயம்’ என்றாகும். அபயம் என்றால் அச்சமின்மை, அடைக்கலம். இரண்டும் பிறப்பால் உறவில்லாத சொற்களே. ஆயினும் தமிழில் எழுதும்போது அவை அடுத்தடுத்த வீட்டுக்காரரைப் போல நிற்கின்றன.

நம் முன்னோர் வாசித்த திருமறையில் வரும் சொல் ‘மோசம்’. இன்று நாம் ‘உடம்பு மோசம்’, ‘சாலை மோசம்’ என்று எதற்கும் அதைச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஆனால் ‘மோசம்போனேன்’ என்று ஒருவர் அழும்போது, கேடும் வஞ்சகமும் சேர்ந்த அதன் பழைய பொருள் இன்னும் வெளிப்படுகிறது.

பவுல் எண்ணிய எட்டு

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் பயின்ற நாட்களில், ஒரு சொல் புதிய ஏற்பாட்டில் எத்தனை முறை வருகிறது என்று ஒத்தவாக்கிய நூலை விரித்து எண்ணுவது எங்களுக்கு இடப்பட்ட வேலை. ஆபத்தைக் குறிக்கும் ‘கிந்துனோஸ்’ என்னும் பெயர்ச்சொல் மொத்தமே ஒன்பது முறைதான் வருகிறது. ஒன்பதும் பவுலின் எழுத்தில். அவற்றுள் எட்டு ஒரே வசனத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அதுவே 2 கொரிந்தியர் 11:26. எட்டையும் நம் தமிழ்த் திருமறை ‘மோசங்கள்’ என்றே பெயர்த்திருக்கிறது.

அந்தப் பட்டியலின் வரிசையைக் கவனியுங்கள். ஆறுகளும் கள்ளரும் முதலில் வருகின்றன. பின்பு சொந்த ஜனமும் அந்நிய ஜனமும். பின்பு பட்டணம், வனாந்தரம், சமுத்திரம் என்று மூன்று இடங்கள். பட்டணத்தில் பிழைத்தவன் வனாந்தரத்துக்கு ஓடினாலும் அங்கும் ஆபத்து. கடலுக்குப் போனாலும் ஆபத்து. எட்டாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியில், கள்ளச் சகோதரர் வருகிறார்கள். மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியவர் கடலை ஏழாவதாக வைக்கிறார். தம்மோடு சேர்ந்து ஜெபித்தவர்களை எட்டாவதாக வைக்கிறார். ‘மோசம்’ என்னும் சொல் மற்ற எந்த இடத்தையும்விட இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

ஆபத்து என்று சொல்லுகிறவன் யார்?

பெயர்ச்சொல்லை விட்டு அதன் வினைச்சொல்லைத் தேடினால் அது நான்கு இடங்களில் கிடைக்கிறது. அவற்றுள் இரண்டு எபேசு பட்டணத்துக் கலகத்தில் வருகின்றன. தெமேத்திரியு என்னும் தட்டான் தன் தொழிலாளரைக் கூட்டி, நம் தொழிலுக்கு ஆபத்து என்கிறான். அடுத்த மூச்சிலேயே, தியானாளுடைய கோவிலுக்கும் அவளுடைய மகத்துவத்துக்கும் ஆபத்து என்கிறான். பணப்பைக்கு வந்த கவலை தெய்வத்துக்கு வந்த ஆபத்தாக உருமாறியவுடன் பட்டணம் முழுவதும் அரங்கசாலைக்கு ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கூச்சலிடுகிறார்கள். தாங்கள் எதற்காகக் கூடிவந்தோம் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது என்று லூக்கா எழுதுகிறார்.

இறுதியில் பட்டணத்துச் சம்பிரதியானவன் எழுந்து அவர்களை அமர்த்துகிறான். அவனும் அதே வினைச்சொல்லைத்தான் எடுக்கிறான்: இந்தக் கலகத்துக்குக் கணக்குக் கேட்கப்பட்டால் ஆபத்தில் இருப்பவர்கள் நாமே. ஒரே சொல் ஒருவன் வாயில் தீயை மூட்டியது. இன்னொருவன் வாயில் தீயை அணைத்தது.

‘ஆபத்து’ என்ற சொல் நம் காதில் விழும்போது இந்த இருவரையும் நினைவுகூர வேண்டும். நம் மார்க்கத்துக்கு ஆபத்து, நம் இனத்துக்கு ஆபத்து, நம் சபைச் சொத்துக்கு ஆபத்து என்று செய்திகள் கைபேசியில் வந்தவண்ணம் இருக்கின்றன. சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லுகிறவனுடைய பணப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதன்பின் மற்றவர்களுக்கு அனுப்புவது ஞானம்.

மெய்யான எச்சரிக்கைக்கு ஓர் அடக்கம் உண்டு. அது அளந்து பேசும். தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகளுக்கான அமெரிக்கத் தர விதிகளில் மூன்று சொற்களுக்கு மூன்று அளவுகள் வகுத்திருக்கிறார்கள். ‘காஷன்’ என்றால், விலகாவிட்டால் சிறு காயம் நேரலாம். ‘வார்னிங்’ என்றால், மரணமோ கடுங்காயமோ நேரலாம். ‘டேஞ்சர்’ என்றால், மரணமோ கடுங்காயமோ நேரும். ‘நேரலாம்’ என்பதற்கும் ‘நேரும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை மனிதர் மதித்துக் காத்திருக்கிறார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் உள்ளவர்களுக்குத் துறைமுகப் புயல் கூண்டு தெரியும். இந்தியத் துறைமுகங்களில் 11 குறியீடுகள் உண்டு. 1 முதல் 4 வரை முன்னெச்சரிக்கைகள். 5, 6, 7 ஆகியவை ‘டேஞ்சர்’. 8, 9, 10 ஆகியவை ‘கிரேட் டேஞ்சர்’, அதாவது பெரும் அபாயம். பகலில் உருளைகளையும் கூம்புகளையும் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை ஏற்றுவார்கள். பத்துக்கும் மேலான 11ஆம் எண்ணுக்கு உரிய பொருள் என்னவென்று முதன்முறை அறிந்தபோது வியந்தேன். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். பெருங்காற்றுக்கும் மேலான வரிசையில் வைக்கப்பட்டிருப்பது, சொல்லவேண்டியவரின் சத்தம் கேளாமற்போன நிலை. ஜெபமில்லாத வாரங்களை நான் அந்த எண்ணைக்கொண்டு எண்ணிப்பார்ப்பதுண்டு.

ஒரு தாயின் கேள்வி

இனி எழுதப்போவதை அந்தத் தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் சபையின் வாலிபன் ஒருவன் இரவில் இருசக்கர வாகனத்தில் வரும்போது விபத்துக்குள்ளானான். தலையில் அடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறவினர் நிறைந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அந்தத் தாயின் கையைப் பிடித்து, ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்பினால்தான் சொன்னார்கள்.

நான் போனபோது அவர்கள் எழுந்து வந்து என்னிடம் கேட்டார்கள்:

“ஐயா, டாக்டர் ‘டேஞ்சர்’னு சொல்லிட்டுப் போனாரு. அப்படின்னா என்னங்கய்யா?”

அந்தச் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியும். அதை ஒருவர் வாயால் கேட்கவேண்டியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆறுதலான ஒரு பொய் அந்த இடத்தில் எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை என்னால் சொல்லமுடியும். சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொன்ன தீர்க்கரை எரேமியா கடிந்துகொண்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. மருத்துவரிடம் நான் பேசியிருந்தேன்.

“பிழைக்கிறது கஷ்டம்னு அர்த்தம்மா. டாக்டருங்க விடல, இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா அவங்க கைக்கு மீறிப் போயிட்டு இருக்கு.”

“அப்போ அவன் யாரு கையில இருக்கான்?”

பழைய பிரெஞ்சும் இலத்தீனும் அறியாத அந்தத் தாய், அச்சொல்லின் வேரைத் தொட்டுக் கேட்டார்கள். ‘கர்த்தர் கையில’ என்று நான் சொன்னேன். அவர்கள் சிறிது நேரம் நின்றார்கள். பிறகு செவிலியரிடம் கெஞ்சி உள்ளே போனார்கள். பத்து நிமிடங்கள் கழித்து வெளியே வந்தார்கள். மறுநாள் விடியுமுன் அவன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்.

நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்தபின் அவர்கள் என்னிடம் சொன்னது இது: “எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அதையே நம்பியிருந்தா நான் வெளியிலயே உட்கார்ந்திருப்பேன். நீங்க சொன்னதுனாலதான் உள்ள போய் அவன்கிட்ட பேசிட்டு வந்தேன். கேட்டானோ இல்லையோ, நான் சொல்லிட்டேன்.”

என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாவது இடம்

‘கிந்துனோஸ்’ ஒன்பது முறை வருகிறது என்றேன். எட்டைப் பார்த்தோம். மீதமுள்ள ஒன்று ரோமர் 8:35இல் இருக்கிறது. கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கக்கூடுமோ என்று பவுல் ஏழு காரியங்களை நிறுத்திக் கேட்கிறார். ஆறாவது ஆபத்து, தமிழில் ‘நாசமோசம்’. ஏழாவது பட்டயம். ஆறாவதை அவர் எட்டு வகையாகக் கண்டிருந்தார். ஏழாவதை அப்போது இன்னும் காணவில்லை. ரோமாபுரியில் பட்டயத்தால் மரித்தார் என்பது சபையின் மரபு.

ஆபத்து வராது என்று பவுல் அங்கே வாக்களிக்கவில்லை. வந்தபின்னும் அது எஜமானாகாது என்கிறார். அது நம்மைப் பிடிக்கலாம். ஆனால் நாம் யாருடையவர்கள் என்பதை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ‘டேஞ்சர்’ என்ற சொல்லின் உள்ளே ஒளிந்திருக்கும் எஜமானுக்குப் பவுல் தரும் மறுமொழி இதுவே.

தாவீது ஜனத்தைத் தொகையிட்டபின் மூன்று தண்டனைகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. மனுஷர் கையிலே விழுவதைவிடக் கர்த்தருடைய கையிலே விழுவதையே அவன் தெரிந்துகொண்டான்; அவருடைய இரக்கங்கள் மிகுதி என்பது அவன் சொன்ன காரணம். எபிரெயர் நிருபமோ ஜீவனுள்ள தேவனுடைய கையில் விழுவது பயங்கரம் என்கிறது. இரண்டும் மெய். அந்தக் கை பயங்கரமானது, இரக்கமுள்ளதும் அதுவே. அதில் ஆணித்தழும்பு இருக்கிறது என்பதை மட்டும் நாம் கூட்டிச் சொல்லுகிறோம்.

ஆகவே, பிரியமானவர்களே, ஆபத்தை ஆபத்து என்று சொல்ல அஞ்சாதிருங்கள். சிறியதைப் பெரிதாக்கி அயலானுக்கு விரோதமாகக் கூட்டம் சேர்க்கவேண்டாம். பெரியதைச் சிறிதாக்கி, பேசவேண்டிய கடைசிப் பத்து நிமிடங்களை ஒருவரிடமிருந்து பறித்துவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டில் சொல்லப்படாமல் இருக்கும் ஆபத்து எது? மருத்துவ அறிக்கையா, கடன் பத்திரமா, மகனுடைய குடிப்பழக்கமா? அதை இந்த வாரத்தில் பெயரிட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? நீங்கள் அப்படிப்பட்டவராய் இருக்கவேண்டிய வீடு எது?

ஜெபம்: கர்த்தாவே, வேண்டாத பயத்தைப் பரப்பாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். சொல்லவேண்டிய உண்மையை அன்போடு சொல்லும் தைரியத்தைத் தாரும். இன்று மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருக்கிறவர்களையும், கடலின்மேல் இருக்கிறவர்களையும் நினைத்தருளும். நாங்கள் யாருடைய கையில் இருக்கிறோம் என்பதை மறவாதிருக்கச் செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.